குதிரைக் காலடியில் ஓர் எழுத்து

பொறாமை என்று பேச்சை எடுத்தால் போதும், நம் வயதுக்காரிகள் எல்லோரும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறீர்கள். நான் யார் வாழ்வைப் பார்த்தும் வயிறு எரிந்ததில்லை என்று சத்தியம் வேறு. போங்கடி. எரியாத வயிறு எங்கே இருக்கிறது? எனக்கு ஒன்பது வயதில் எரிந்தது. எரிந்த எரிச்சலில் நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே லைன் வீட்டில் இருந்தோம். ஒரே கூரையின் கீழ் பத்து வீடு, பின்பக்கம் ஒரு பொதுக் குழாய், அதையொட்டித் தகரம் அடித்த குளியல் கொட்டகை. துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் சாயங்காலத்துக்குள் கரிப்புகை பட்டுச் சாம்பல் நிறமாகிவிடும். சோற்றில்கூடக் கரி மணக்கும். வெள்ளை வேட்டி என்று ஒன்று உண்டென்பதையே கல்யாண வீடுகளில்தான் பார்த்தோம்.

வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்புறம் சித்தப்பா. சித்தப்பா அப்பாவின் தம்பி. தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. அவர் கையிலிருந்த சிக்னல் விளக்கில் பச்சைக் கண்ணாடி ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். சம்பள ஞாயிற்றுக்கிழமை என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, சந்தை கூடுகிற பாசாருக்குப் போவார். கூம்பாகச் சுருட்டிய காகிதத்தில், வறுத்த பட்டாணியும் கடலையும் கலந்த கச்சாங் பூத்தே வாங்கித் தருவார். பட்டாணியை நான் தின்ன, கடலையை அவர் தின்ன, திரும்பி வருகிற வரைக்கும் பேச்சு ஓயாது. அந்த வருஷம் கிள்ளானுக்குக் கூட்டிப்போய்க் கப்பல் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தார். நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

கிள்ளானுக்குப் போனார்தான். அப்பா அம்மாவோடு போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்தார்.

இங்கே பவுனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அந்தக் காலத்தில் பவுன் என்றால் எடை இல்லை, காசு. வெள்ளைக்காரன் அடித்த தங்கக் காசு. ஒரு பக்கம் ராணி தலையோ ராஜா தலையோ இருக்கும், மறுபக்கம் குதிரை மேல் ஒருவன் ஏறி ஒரு பாம்புப் பிராணியைக் குத்திக்கொண்டிருப்பான். அதற்குக் கண்ணி வைத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொள்வோம். அம்மாவிடம் இரண்டு பவுன் இருந்தது. இரண்டிலும் கொண்டை போட்ட இளம் ராணி. கண்ணி வைத்துக் கொடுத்த பத்தர், ராணியின் கழுத்து வெட்டுப்படுகிற இடத்துக்குக் கீழே ஒரு பொடி எழுத்தைக் காட்டி, எழுத்து இருக்கிறது, தரமான பவுன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது அந்த இரண்டு பவுனைப் பற்றி. அம்மா அதை உலகத்துப் பவுனுக்கெல்லாம் சட்டமாக்கிவிட்டார்.

அந்தச் சமயம் பாசாரில் பித்தளைக்கு முலாம் பூசிய பவுன் நடமாடுகிறது என்று ஒரு புரளி. எங்கள் லைனில் பவுன் வைத்திருந்தவர்கள் மூன்றே பேர். மூன்று பேரும் அதே பத்தரிடம் வாங்கியவர்கள், எல்லாம் இளம் ராணி, எல்லாவற்றிலும் கழுத்துக்கடியில் எழுத்து. அப்புறம் அம்மாவின் சட்டத்தை யார் சந்தேகிக்கப் போகிறார்கள்? லைனில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்த ஒரே பெண்பிள்ளை நான்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். "இங்க வாடி, இதப் படி" என்று என்னைக் கூப்பிட்டுப் பவுனை என் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். நான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "எஸ் இருக்கு" என்பேன். எனக்கு அதில் எவ்வளவு தலைக்கனம் தெரியுமா!

தை மாதம் கல்யாணம் முடிந்து சின்னம்மா வந்து சேர்ந்தாள். வயது பதினெட்டு. அவள் அப்பா கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு எடை பார்க்கிறவர். ஒரே பெண். கழுத்தில் ஐந்து பவுன் கோத்த சங்கிலி. அம்மாவின் இரண்டைப் பக்கத்தில் வைத்தால் அந்த ஐந்தும் கொஞ்சம் பெரிதாகவே தெரிந்தது. அளவு ஒன்றுதான், கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. அம்மா முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. அன்றைக்கே தெரிந்துகொண்டேன், வயிற்றெரிச்சலில் நான் தனி ஆள் இல்லை என்று.

எனக்குப் பவுன் பெரிதில்லை. எனக்கு சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமைத் தோள் போயிற்று. கச்சாங் வந்தது, ஆனால் பொட்டலம் நேரே சின்னம்மா கைக்குப் போய் அங்கிருந்து எனக்கு வந்தது. அவள் கடலையைப் பொறுக்கி சித்தப்பாவுக்கு வைத்துவிட்டுப் பட்டாணியை எனக்குத் தருவாள். நியாயமாகத்தான் பிரித்தாள். அந்த நியாயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் இருவரும் கப்பல் பார்த்த கதையைக்கூட என் முன்னாலேயே பேசினார்கள். எனக்காகச் சொன்ன கப்பல் அது. அவள் சாப்பிட்டால் கரித்துக் கொட்டுவேன், அவள் பாடினால் காதைப் பொத்திக்கொள்வேன். அவளோ என் தலையைப் பின்னிவிட வருவாள்.

காலையில் குளிக்கப் போகும்போது சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுப்பாள். சோப்பு நுரை கண்ணியில் போய் அடைக்கும், ஈர முடி மாட்டிக்கொள்ளும் என்பாள். "பத்திரமா வச்சிருடா கண்ணு" என்பாள். பத்து வீட்டுப் பெண்கள் இருக்கிற இடத்தில் என்னைத்தான் நம்பினாள். நான் கொட்டகைக்கு வெளியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, அவள் உடம்புச் சூடு ஆறாத அந்தச் சங்கிலியை மடியில் வைத்திருப்பேன். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் கலந்து அதில் ஒரு வாசனை இருக்கும். அந்த வாசனை எனக்குப் பிடித்திருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

ஒரு காலையில் பவுனைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்திலும் தாடிக்கார ராஜா. கழுத்துக்கடியில் பார்த்தேன். ஒன்றிலும் எழுத்து இல்லை. மறுபடி பார்த்தேன். இல்லவே இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லவில்லை. அவ்வளவு முட்டாள் இல்லை நான். அந்த வாரக் கடைசியில் எங்கள் லைனில் ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டில் சீமந்தம். கிராணி மனைவி சின்னம்மாவின் சங்கிலியை ஒரு நாளைக்கு இரவல் கேட்டிருந்தாள். எங்கள் லைனில் அது வழக்கம். விசேஷ வீட்டுக்காரி லைனிலேயே பெரிய நகையை வாங்கிப் போட்டுக்கொள்வாள், கொடுத்தவளுக்கும் அது கௌரவம். சங்கிலியைக் கொடுக்கிற நேரம், குழாயடியில் ஆறேழு பெண்கள் நிற்கிற நேரம் பார்த்து, நான் வெகுளி மாதிரிக் கேட்டேன்.

"அம்மா, சின்னம்மா பவுன்ல கழுத்துக்கடியில எழுத்தே இல்லையேம்மா?"

கிராணி மனைவி சங்கிலியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவள் பார்த்தாள், கடைசியில் அம்மா பார்த்தார். அம்மா என்னைத் திட்டியிருக்க வேண்டும். பெரியவர்களில் யாராவது ஒருத்தர், ஒன்பது வயதுக் குட்டிக்கு என்ன தெரியும், பத்தரிடம் காட்டுவோம் என்று சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. படித்த பிள்ளை சொல்லிவிட்டதாம்! கேட்க ஆசையாக இருந்த சேதி என்பதால் நம்பினார்கள் என்று இப்போது தெரிகிறது. கிராணி மனைவி வேறு யாரிடமோ இரவல் வாங்கிக்கொள்கிறேன் என்று சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தாள். சின்னம்மா ஒன்றும் புரியாமல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று மத்தியானம் அம்மா என்னை மடியில் உட்கார வைத்து, பானையில் ஒளித்து வைத்திருந்த பனங்கற்கண்டை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையிலும் சின்னம்மா சங்கிலியை என்னிடம்தான் கொடுத்தாள். முகம் வீங்கியிருந்தது. நான் கல்லில் உட்கார்ந்து, சும்மா இருக்க முடியாமல், குதிரைப் பக்கத்தை நகத்தால் சுரண்டினேன். குதிரையின் காலடியில் தரை மாதிரி ஒரு கோடு, அதற்குக் கீழே வருஷம். அந்தக் கோட்டில், வருஷத்துக்குச் சரியாக மேலே, மஞ்சள் அழுக்கு அடைத்திருந்தது. அழுக்கு போனதும் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி இல்லை, எழுத்து. எம். அடுத்ததைச் சுரண்டினேன். அதிலும் எம். நாலு பவுனில் இருந்தது. ஐந்தாவதில் மட்டும் ஒன்றும் இல்லை.

இது ஒன்பது வயதுக்குப் புரியாத விஷயமா? எழுத்து இருக்கிறது, இடம்தான் வேறு. அம்மாவின் பவுனில் கழுத்துக்கடியில், இவளுடையதில் குதிரைக் காலடியில். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். கொட்டகைக்குள் சின்னம்மா தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. கல்லின் ஓரத்தில் அவள் குழைத்து வைத்த மஞ்சள் மீதி இருந்தது. நான் விரலில் தொட்டு, நாலு குதிரையின் காலடியிலும் வைத்து அழுத்தித் தேய்த்தேன். பிறகு பாவாடையில் விரலைத் துடைத்துக்கொண்டேன்.

ஆமாம், தெரிந்தே செய்தேன். அவள் போய்விட வேண்டும் என்று செய்தேன்.

அவள் போனாள். அப்பா சித்தப்பாவைக் கூப்பிட்டு, சம்பந்தி நல்லவராக இருக்கலாம், யாரோ அவரை ஏமாற்றியிருக்கலாம், நீ போய்ப் பக்குவமாகக் கேட்டுவிட்டு வா என்றார். அம்மா, பொண்ணு கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டார். சித்தப்பா சங்கிலியைக் கைக்குட்டையில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். கிள்ளானில் மாமனார் அந்த முடிச்சை அவிழ்க்கவே விடவில்லையாம். தனியாக நான் பிரித்தால் மாற்றி வைத்துவிட்டேன் என்பீர்கள், எல்லோரும் வாருங்கள், எல்லோர் கண் முன்னாலும் பத்தர் பிரிக்கட்டும், பவுன் பொய் என்றால் என் பெண் என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பாவுக்கு லீவு கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று.

அந்த ஒரு மாதம் சித்தப்பா எனக்கே எனக்கு. ஞாயிற்றுக்கிழமை பாசாருக்குக் கூட்டிப்போனார். தோளில் தூக்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கச்சாங் வாங்கினார். பொட்டலத்தைப் பிரிக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிட்டார். நான் பேசினேன், பேசினேன், அவர் ம் கொட்டினார். வீட்டு வாசலில் என்னைப் பார்த்து, "உனக்கு சின்னம்மாவ ரொம்பப் பிடிக்கும்ல?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். இல்லாத ஒருத்தி இருந்தவளைவிட அதிகம் இடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் எனக்கிருந்த எரிச்சல் அந்த மாதத்தில் குறைந்ததென்று நினைக்காதீர்கள், கூடிற்று.

ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டி இரண்டு பக்கமும் ரப்பர் மரம், ஜன்னல் வழியாக ரப்பர் பால் புளித்த வாடை. நான் முதல் முறையாகக் கிள்ளான் பார்க்கிறேன், ஆனால் கப்பல் பார்க்கப் போகவில்லை. பத்தர் கடை ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. குறுகலான கடை, கரி அடுப்புச் சூடு, வெளியே கருவாட்டு நாற்றம். சின்னம்மா அவள் அப்பாவுக்குப் பின்னால் நின்றாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

சித்தப்பா முடிச்சைக் காட்டினார், போட்டது போட்டபடி இருந்தது. பத்தர் அவிழ்த்துச் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார். என்ன இத்தனை மஞ்சள் என்று முனகிக்கொண்டே பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தார். பிறகு கண்ணில் வைக்கிற கண்ணாடியை அப்பாவிடம் கொடுத்து, குதிரைக் காலடியைப் பார்க்கச் சொன்னார். அப்பா பார்த்தார். சித்தப்பா பார்த்தார். அம்மா கண்ணாடியை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியாமல் வைத்துப் பார்த்தார்.

பத்தர் நிதானமாகச் சொன்னார். கொண்டை ராணிப் பவுனில் எழுத்து கழுத்துக்கடியில். கேடயம் போட்ட பவுனில் கேடயத்துக்கடியில். கிழட்டு ராணிக்கும் அப்புறம் வந்த ராஜாக்களுக்கும் குதிரைக் காலடியில். எழுத்து எந்த ஊரில் அடித்தது என்று சொல்கிறதே தவிர, தங்கம் நல்லதா கெட்டதா என்று சொல்கிறதில்லை. இந்தக் காலத்தில் பழங்காசு சேர்க்கிறவர்கள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இதே எழுத்தைத்தான் தேடுகிறார்கள், எந்த எழுத்து எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து விலை பேசுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் அன்று ஒரு கல்யாணமே அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப இந்த ஒண்ணுல எங்கயுமே இல்லையே?" என்று அம்மா ஐந்தாவது பவுனைத் தொட்டார். விடமாட்டார் அம்மா.

லண்டனிலேயே அடித்ததில் எழுத்து இருக்காது என்றார் பத்தர். அம்மா அப்பாவைப் பார்த்தார், அப்பா தரையைப் பார்த்தார். நம்புகிறோம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சின்னம்மாவின் அப்பா, "வெட்டுங்க" என்றார். பத்தர் தயங்கினார். பவுனை வெட்டினால் பவுன் போச்சு, வெறும் தங்கம் என்றார். வெட்டுங்க என்று அவர் மறுபடி சொன்னார். உளியை வைத்து ஒரே அடி. ராஜா தலை இரண்டாயிற்று. உள்ளே வெளியே எல்லாம் ஒரே மஞ்சள்.

அப்பா எழுந்து சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிக்க வேண்டும் என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் தோன்றியது. அப்போது சின்னம்மாவின் அப்பா, கையை விடுவித்துக்கொள்ளாமலே, இத்தனை பேர் பார்த்தும் நாலு பவுனில் இருந்த எழுத்து எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டார். பத்தர் தொண்டையைச் செருமினார். அது உடம்பில் பட்டு ஏறிய மஞ்சள் இல்லை என்றார். யாரோ குழைத்து, நாலிலும் ஒரே இடத்தில், விரலால் அப்பியிருக்கிறார்கள் என்றார்.

சின்னம்மாவின் அப்பா என் அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை அம்மா வாழ்நாளில் மறக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு பாவமும் தெரியாது, ஆனால் அங்கே இருந்த எல்லோருக்கும், அப்பாவுக்கும்கூட, அம்மாதான் செய்திருப்பார் என்று தோன்றியது. சித்தப்பா முகம் கறுத்துவிட்டது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பெற்ற தாய்க்காகக்கூடத் திறக்கவில்லை.

சின்னம்மா என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. குளிக்கிற நேரமெல்லாம் அவள் சங்கிலி யார் மடியில் இருந்ததென்று அவளுக்குத்தான் தெரியும்.

"நான்தான்பா," என்றாள். "பளபளன்னு வரும்னு மஞ்சள அப்பி வச்சேன். கழுவ மறந்துட்டேன்."

அவள் அப்பா கையை ஓங்கினார். சித்தப்பா குறுக்கே போனார். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பியது, திரும்பியதும் வாயும் திரும்பியது. "ஏன்டி, எழுத்த நீயே மறைச்சு வச்சுக்கிட்டு எங்கள எல்லாம் இப்படி அலைய விட்டியே, உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா?" என்று ஆரம்பித்து ரயில் ஏறும் வரை நிறுத்தவில்லை. சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாமப் பண்ணிட்டேன்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்களோடுதான் ரயிலில் வந்தாள். நான் எதிர் இருக்கையில் தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை அவள். தலை பின்னிவிட்டாள், பட்டாணி பொறுக்கித் தந்தாள். சங்கிலியை மட்டும் என் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். வெட்டுப்பட்ட பவுன் அவளுடைய மூத்த மகளுக்குத் தோடாயிற்று. மற்ற நாலும் ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்குப் போயிற்று.

என் கல்யாணத்தன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அம்மா செத்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சின்னம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டில் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன், அப்போதும் சொல்லவில்லை. குற்ற உணர்ச்சி என்று நினைக்கிறீர்களா? அது இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட, எண்ணிப் பார்க்க நேரமே இல்லாமல் அப்படி ஒரு பொய் அவளுக்கு எப்படி வாயில் வந்தது என்பதுதான் என்னைத் தின்கிறது. எனக்கு வராது. இத்தனை வயதிலும் வராது. அவள் ஐந்து பவுனுக்கு அம்மா எரிந்தார், சித்தப்பாவுக்கு நான் எரிந்தேன், இப்போது இதற்கு எரிகிறேன்.

சின்னம்மாவின் பெண்கள் மூன்று பேரும் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் யாராவது ஒருத்தி அந்தக் கதையை எடுப்பாள். எங்க அம்மா மாதிரி ஒரு அசடு உண்டா, பவுன்ல மஞ்சள அப்பி வச்சுட்டு ஊரையே கூட்டிட்டாங்க லா என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சின்னம்மாவின் பேரப்பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். உங்க பெரியம்மாவும் கூட இருந்தாங்க, கேளுங்க என்று பிள்ளைகளிடம் என்னைக் காட்டுவார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

நானும் சிரிப்பேன்.